எஸ்எஸ்டி போனாலும் டேட்டா வருமா? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்லயே டேட்டாவை வெச்சுக்கற ட்ரைவ்) பத்தி ரெண்டே வரி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல "ட்ரைவ் போச்சு, உள்ள இருக்கிறதை எடுக்க முடியுமா"ன்னு தான் இருக்கு. சில லெட்டரை படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. அதனால ப்ரிண்டர், வைஃபை கேள்வி அனுப்பினவங்க எல்லாம் ஒரு மாசம் பொறுத்துக்கோங்க, இந்த தடவை இது மட்டும் தான்.

கேள்வி: அண்ணா, காரைக்குடில போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கேன். நாலு எஸ்எஸ்டி போட்ட நாஸ் பாக்ஸ்ல (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ் பெட்டி) ரெய்டு 5 (ஒரு ட்ரைவ் போனாலும் டேட்டா தப்பிக்கிற ஏற்பாடு) போட்டு அதுல தான் எல்லா வேலையும் இருக்கு. போன வாரம் ரெண்டாவது ஸ்லாட்ல சிவப்பு லைட் எரிஞ்சுது, புதுசு வாங்கி மாட்டி ரீபில்டு (போன ட்ரைவ்ல இருந்ததை புதுசுல திரும்ப கட்டறது) போட்டேன், 61 சதவீதம் போனப்போ நாலாவது ட்ரைவ்ல ரீட் எரர்னு சொல்லி நின்னுடுச்சு. இப்ப வால்யூம் (நாலு ட்ரைவும் சேர்ந்த அந்த மொத்த இடம்) கிராஷ்னு காட்டுது. மூணு கல்யாணம் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, ஆல்பம் கூட இன்னும் போடல. என்ன பண்றது?

பதில்: தம்பி, முதல்ல பாக்ஸை ஆஃப் பண்ணிடுங்க. இதை படிக்கும்போதே ஆஃப் பண்ணிட்டு வந்து மீதியை படிங்க. "புது வால்யூம் உருவாக்கவா"ன்னு அது கேட்டா தப்பித்தவறி கூட ஓகே கொடுத்துடாதீங்க. பழைய ஹார்டு டிஸ்க்ல குவிக் ஃபார்மேட் பண்ணிட்டாலும் அடியில டேட்டா அப்படியே கிடக்கும், தோண்டி எடுத்துடலாம், ஆனா எஸ்எஸ்டில ஃபார்மேட் போட்ட உடனே "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்"னு ட்ரிம் கட்டளை போயிடும், ட்ரைவ் தன்பாட்டுக்கு உள்ள எல்லாத்தையும் அழிக்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் யார்கிட்ட கொண்டு போனாலும் பூஜ்யம் தான் வரும்.

இப்ப நல்ல செய்தி. உங்க போட்டோல பெரும்பகுதி வந்துடும்னு தான் எனக்கு தோணுது, ஏன்னு சொல்றேன். ரெய்டு 5ல ஒவ்வொரு வரிசைக்கும் மூணு ட்ரைவ்ல டேட்டா, நாலாவதுல பேரிட்டின்னு ஒரு கணக்கு (அந்த பேரிட்டி வரிசைக்கு வரிசை ட்ரைவ் மாறி மாறி உட்காரும்). கணக்கு ரொம்ப சின்னது. மூணு ட்ரைவ்ல 0101, 1001, 0110ன்னு இருக்குன்னு வெச்சுக்கோங்க. மேலிருந்து கீழ ஒவ்வொரு கட்டமா பாருங்க, ஒண்ணுகள் ஒத்தைப்படையா இருந்தா பேரிட்டி 1, ரெட்டைப்படையா இருந்தா 0. அப்ப பேரிட்டி 1010. இப்ப நடுவுல இருக்கிற 1001ஐ கையால மூடிட்டு மீதி மூணுக்கும், அதாவது 0101, 0110, 1010க்கு அதே கணக்கை போடுங்க. 1001 வந்துடும். ஒரு பேப்பர்ல நீங்களே போட்டு பாருங்க, எத்தனை தடவை போட்டாலும் எனக்கு இது அலுத்ததே இல்ல. 1988ல பெர்க்லி யுனிவர்சிட்டில பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூணு பேரும் ரெய்டுன்னு பேர் வெச்சு எழுதின பேப்பர்ல இருக்கிற அடிப்படையும் இதே கணக்கு தான், விலை கம்மியான பல டிஸ்க்கை சேர்த்து ஒரு பெரிய டிஸ்க் வேலையை வாங்கறதுக்காக எழுதினது.

இந்த கணக்கு ஒரு வரிசைல ஒண்ணு காணாம போனா தான் ஒத்து வரும், ரெண்டு போனா வராது. உங்களுக்கு ரெண்டாவது ட்ரைவ் முழுசா இல்ல, நாலாவதுல சில செக்டர் (ட்ரைவ்ல ஒரு சின்ன துண்டு இடம்) படிக்க முடியல. ஆனா நாலாவது மொத்தமா சாகல பாருங்க, அது படிக்கிற இடத்துல எல்லாம் மூணு துண்டு கையில இருக்கு, ரெண்டாவதோடதை கணக்கு போட்டு எடுத்துக்கலாம். சிக்கல் அந்த கெட்ட செக்டர் விழுந்த வரிசைல மட்டும் தான். பாக்ஸ்ல இருக்கிற சாஃப்ட்வேர் அந்த சில செக்டருக்காக மொத்த வால்யூமையும் கைவிட்டுடுச்சு, நாம கைவிட வேண்டியதில்ல.

இன்னொண்ணு, ரெண்டாவது ஸ்லாட்ல இருந்து கழட்டின பழைய எஸ்எஸ்டியை குப்பைல போட்டுட்டீங்களா? போடலன்னு நம்பறேன். ட்ரைவ்கிட்ட இருந்து பதில் வர லேட் ஆச்சுன்னா கூட நாஸ் அதை வெளிய தள்ளிடும், அதனால சிவப்பு லைட் எரிஞ்சா ட்ரைவ் செத்துடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. அதை வேற கம்ப்யூட்டர்ல மாட்டி பாருங்க. பாதி படிச்சா கூட போதும், நாலாவது எங்க கெட்டிருக்கோ அங்க ரெண்டாவது நல்லா இருந்தா அந்த வரிசையும் கணக்குல வந்துடும். ரெண்டுமே அதே வரிசைல கெட்டிருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. ஒரே ஒரு எச்சரிக்கை, ரெண்டாவது வெளிய போனதுக்கப்புறம் நீங்க புதுசா எழுதின வரிசைக்கு அது பழைய கதையை தான் சொல்லும், கல்யாண போட்டோ அதுக்கு முன்னாடியே ஏத்தினதுன்னா பயம் இல்ல.

செய்முறை இது. ஒவ்வொரு ட்ரைவ்லயும் ஸ்லாட் நம்பர், சீரியல் நம்பர் எழுதி ஒட்டுங்க. லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதை வெச்சு ஒவ்வொரு ட்ரைவையும் முழுசா வேற நல்ல டிஸ்க்குக்கு காப்பி எடுங்க. அது முதல்ல சுலபமா படிக்கிற இடத்தையெல்லாம் அள்ளிடும், மக்கர் பண்ற இடத்துக்கு கடைசில தான் திரும்ப வரும், எது வந்துச்சு எது வரலன்னு மேப் ஃபைல்ல குறிச்சு வெச்சுக்கும். நடுவுல ட்ரைவ் தொங்கிட்டா கரண்ட் நிறுத்தி திரும்ப கொடுத்து விட்ட இடத்துல இருந்து தொடரலாம். அதுக்கப்புறம் ஒரிஜினலை எடுத்து பீரோல வெச்சிட்டு காப்பியை வெச்சு மட்டும் வேலை பாருங்க. நாஸ் பாக்ஸ்ல பெரும்பாலும் உள்ள ஓடறது லினக்ஸோட எம்டி ஆடம்ங்கிற ரெய்டு சாஃப்ட்வேர் தான், அதுல காப்பிகளை ரீட் ஒன்லியா (படிக்க மட்டும், எழுதாம) அசெம்பிள் பண்ணலாம், அதாவது இருக்கிற ரெய்டை அப்படியே சேர்த்து திறக்கலாம். அசெம்பிள் தான் பண்ணணும், கிரியேட் (புதுசா ரெய்டு உருவாக்கறது) பண்ணிடாதீங்க, வரிசை மாறி கிரியேட் பண்ணி காப்பி மேலயே எழுதி கெடுத்துக்கிட்டவங்க நிறைய பேர். இந்த அசெம்பிள் வேலையும், ரெண்டாவதையும் நாலாவதையும் வரிசை வரிசையா ஒட்டுப்போடற வேலையும் பழக்கம் இல்லாதவங்க செய்யறது கஷ்டம், அதுக்கு மட்டும் தெரிஞ்சவங்களை கூப்பிடுங்க, ஆனா காப்பி எடுக்கறது வரைக்கும் நீங்களே பண்ணலாம், அவசரம் இல்லாம.

ரீபில்டு நடுவுல தான் இன்னொரு ட்ரைவ் காலை வாரும், ஏன்னா மாசக்கணக்குல யாரும் தொடாத செக்டரை எல்லாம் ரீபில்டு அன்னைக்கு தான் முதல் தடவையா படிக்குது. 2016ல டொராண்டோ யுனிவர்சிட்டி பியாங்கா ஷ்ரோடரும் கூகுள்காரங்களும் சேர்ந்து ஆறு வருஷ டேட்டாவை வெச்சு ஒரு ஆய்வு போட்டாங்க. மாடலை பொறுத்து 20ல இருந்து 63 சதவீதம் ட்ரைவ்ல முதல் நாலு வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது திருத்த முடியாத ரீட் எரர் வந்திருக்கு. ட்ரைவ் சாகல, ஒரு துண்டு போச்சு, அவ்ளோ தான். அதனால மாசம் ஒரு தடவை ஸ்க்ரப் (எல்லா ட்ரைவையும் முழுசா படிச்சு சரிபார்க்கறது) ஓட விடுங்க, பேரிட்டி முழுசா கையில இருக்கும்போதே அந்த துண்டை கண்டுபிடிச்சு சரி பண்ணிடும்.

கேள்வி: எஸ்எஸ்டிக்கு உள்ளயே எரர் கரெக்‌ஷன் இருக்குன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் சார் திடீர்னு சாகுது? என் லேப்டாப் எஸ்எஸ்டி நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இன்னைக்கு பயோஸ்ல (கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வர்ற செட்டிங் ஸ்க்ரீன்) அதோட பேருக்கு பதிலா சாட்டாஃபர்ம் எஸ்11னு ஏதோ வருது. (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: இருக்கு, நீங்க நினைக்கிறதை விட பல மடங்கு இருக்கு. டிஎல்சிங்கிற வகை ஃப்ளாஷ் சிப்ல ஒரு செல்லுக்குள்ள (டேட்டா நிக்கிற குட்டி அறை) மூணு பிட், அதுக்கு எட்டு வோல்ட்டேஜ் அளவு, க்யூஎல்சின்னா நாலு பிட், பதினாறு அளவு. அவ்ளோ நெருக்கத்துல எலக்ட்ரான் கொஞ்சம் கசிஞ்சா கூட பக்கத்து அளவா தெரிஞ்சிடும். அதனால தப்பு இல்லாம படிக்கிறதுன்னு ஒண்ணு அங்க கிடையவே கிடையாது, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் கூடவே எழுதி வெச்ச உபரி பிட்டுகளை வெச்சு திருத்தி திருத்தி தான் உங்களுக்கு கொடுக்குது. இப்ப அதுக்கு பெரும்பாலும் பயன்படறது எல்டிபிசின்னு ஒரு கோடு. 1960கள் தொடக்கத்துல எம்ஐடில ராபர்ட் கல்லகர் எழுதினது, அன்னைக்கு இருந்த மெஷின்ல அதை ஓட்ட முடியாததால முப்பது வருஷம் கிட்டத்தட்ட யாரும் சீண்டல, இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற ட்ரைவ்ல ஓடிக்கிட்டு இருக்கு. இதுக்கு மேல சில நல்ல ட்ரைவ்ல காரைக்குடி தம்பிக்கு சொன்ன அதே பேரிட்டி கணக்கை சிப்புகளுக்கு நடுவுலயும் போட்டு வெச்சிருப்பாங்க, மைக்ரான் கம்பெனி அதுக்கு ரெயின்னே பேர் வெச்சிருக்கு.

இவ்ளோ இருந்தும் உங்க ட்ரைவ் ஏன் போச்சுன்னா, போனது அனேகமா டேட்டா இல்ல, அட்ரஸ் புத்தகம். எஸ்எஸ்டில நீங்க ஒரு ஃபைலை மாத்தி எழுதினா அதே இடத்துல எழுதாது, புது பேஜ்ல (சிப்ல வேற ஒரு சின்ன இடம்) எழுதிட்டு பழசை ஓரமா தள்ளிடும், செல்கள் ஒரே மாதிரி தேயணும்னு அப்பப்ப இடம் மாத்திக்கிட்டே வேற இருக்கும். ஊர்ல எல்லாரும் தினம் வீடு மாத்திக்கிட்டே இருக்காங்க, யார் எங்க இருக்காங்கன்னு ஒரே ஒரு தபால்காரருக்கு தான் தெரியும்னா எப்படி இருக்கும், அந்த தபால்காரர் தான் ட்ரைவ் உள்ள இருக்கிற கன்ட்ரோலர் சிப், அவர் கையில இருக்கிற நோட்டு தான் மேப்பிங் டேபிள். கரண்ட் சட்டுனு போனாலோ ஃபர்ம்வேர் (ட்ரைவை ஓட்டற உள் ப்ரோக்ராம்) இருக்கிற பேஜே கெட்டாலோ நோட்டு படிக்க முடியாம போயிடும். அப்ப கன்ட்ரோலர் தன்னோட சொந்த பேரையோ இந்த மாதிரி ஒரு தொழிற்சாலை பேரையோ சொல்லிட்டு பேசாம உட்கார்ந்துடும், சிலது 2 எம்பி ட்ரைவ்னு காட்டும்.

சிப்பை கழட்டி படிக்கலாமேன்னு கேப்பீங்க. பழைய பென்ட்ரைவ்ல அது நடக்கும். இப்ப வர்ற எஸ்எஸ்டி பலதுல நீங்க பாஸ்வேர்டே போடலன்னா கூட உள்ளுக்குள்ள எப்பவும் என்க்ரிப்ட் பண்ணி தான் எழுதுது, சாவி கன்ட்ரோலர்கிட்ட. அதனால கன்ட்ரோலரை உயிரோட வெச்சே சர்வீஸ் மோடுல கொண்டு போய், மேப்பிங் டேபிளை திரும்ப கட்டி, வெளிய இமேஜ் (முழு காப்பி) எடுக்கற லேப்கிட்ட தான் போகணும். யூட்யூப்ல "ஃபர்ம்வேர் ஃப்ளாஷ் பண்ணா சரியாயிடும்"னு ஒரு வீடியோ பார்த்திருப்பீங்க. சரியாகும், ட்ரைவ் காலியா திரும்ப வரும். டேட்டா வேணும்னா அதை தொடாதீங்க.

ட்ரைவ் உள்ள இருக்கிற உபரியே டேட்டாவை காப்பாத்திடும்னு நம்பி நானும் ஏமாந்திருக்கேன், ஆறு வருஷத்து குறிப்பு ஒரே ட்ரைவ்ல, பேக்கப் இல்ல. கன்ட்ரோலர் ஒண்ணே ஒண்ணு தானே இருக்கு, அதுக்கு ஜோடி கிடையாது.

கேள்வி: கரண்ட் கட்டுக்கு அப்புறம் பார்ட்டிஷனே காணோம், எஸ்எஸ்டி சைஸ் மட்டும் சரியா காட்டுது. (ஒரு வாசகர், திருவாரூர்)

பதில்: சைஸ் சரியா காட்டுதுன்னா மேல சொன்ன தபால்காரர், அதாவது கன்ட்ரோலர், உயிரோட இருக்கார், உங்களுக்கு நிஜமாவே நல்ல வாய்ப்பு. ஃபைல் சிஸ்டம் எழுதினவங்க முக்கியமான பக்கத்தை எல்லாம் ரெண்டு இடத்துல எழுதி வெச்சிருக்காங்க. ட்ரைவை எப்படி பிரிச்சிருக்குன்னு சொல்ற ஜிபிடி பார்ட்டிஷன் டேபிளோட இன்னொரு காப்பி ட்ரைவோட கடைசில இருக்கு. விண்டோஸ் என்டிஎஃப்எஸ்ல எம்எஃப்டியோட (எல்லா ஃபைலுக்கும் பதிவு இருக்கிற பட்டியல்) முதல் நாலு பதிவுக்கு தனியா ஒரு கண்ணாடி காப்பி உண்டு. லினக்ஸ் இஎக்ஸ்டி4ன்னா சூப்பர் பிளாக்கோட (ஃபைல் சிஸ்டம் பத்தின முக்கிய விவரம் இருக்கிற பக்கம்) காப்பி பல இடத்துல, 4 கேபி பிளாக்னா முதல் காப்பி 32,768வது பிளாக்ல. டெஸ்ட்டிஸ்க்னு இலவச டூல் இதையெல்லாம் தேடி பார்த்து சொல்லும். வழக்கம் போல முதல்ல முழு காப்பி, அப்புறம் காப்பி மேல தான் சோதனை.

கேள்வி: ரெய்டு 1ல (ரெண்டுலயும் அதே டேட்டா) ரெண்டு எஸ்எஸ்டி, ஒரே மாடல், ஒரே நாள்ல வாங்கி ஒரே நாள்ல மாட்டினோம். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு, நிம்மதி தானே? (ஆடிட்டர் ஆபீஸ் சிஸ்டம் பாத்துக்கறவர், கோவை)

பதில்: நிம்மதி இல்லீங்க. 2019 நவம்பர்ல ஹியூலெட் பேக்கார்டு எண்டர்பிரைஸ் கம்பெனி ஒரு நோட்டீஸ் விட்டாங்க, சர்வர்ல போடற சாஸ்ங்கிற இணைப்பு வகை எஸ்எஸ்டில சில மாடல், புது ஃபர்ம்வேர் போடலன்னா சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும். கணக்கு பண்ணா 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். 2ஐ பதினஞ்சு தடவை பெருக்கினா வர்ற நம்பர் அது, 16 பிட் கவுண்டர்ல ப்ளஸ் மைனஸ் குறியோட எண்ணினா 32,767க்கு மேல இடம் இல்ல, ப்ரோக்ராம் எழுதறவங்க நம்பரை பார்த்ததுமே தலைல கை வெச்சிருப்பாங்க. போனா ட்ரைவும் வராது டேட்டாவும் வராதுன்னும், ஒரே சமயத்துல ஓட ஆரம்பிச்சதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல போகும்னும் அவங்களே சொன்னாங்க. அடுத்த வருஷமே வேற சில மாடலுக்கு 40,000 மணி நேரம்னு இன்னொரு நோட்டீஸ்.

உங்க ரெண்டு ட்ரைவும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி, ஒரே நாள் பிறந்து, ஒரே அளவு எழுதி, ஒரே வயசுல தேயுது. ரெண்டுல ஒண்ணை இப்பவே கழட்டி வேற கம்பெனி, வேற மாடல் போடுங்க, கழட்டினதை வேற வேலைக்கு வெச்சுக்கலாம். ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (ட்ரைவ் தன் நிலையை தானே சொல்றது) பவர் ஆன் ஹவர்ஸ்னு ஒரு வரி வரும், ரெண்டுக்கும் அது நல்லா விலகி இருக்கணும். ஃபர்ம்வேர் அப்டேட்டை தள்ளிப் போடாதீங்க. அப்புறம், யாராவது தெரியாம ஒரு ஃபோல்டரை டெலிட் பண்ணா அதே நொடி ரெண்டுலயும் டெலிட் ஆகும், ட்ரிம் அதை ரெண்டுலயும் துடைச்சிடும், அதுக்கு ரெய்டு உதவாது, தனியா பேக்கப் வேணும். ரிட்டர்ன் வேலை நடக்கற ஆபீஸ், விட்டுடாதீங்க.

கேள்வி: எங்க அப்பா வில்லுப்பாட்டு கலைஞர். 2009ல ஒரு கோயில் கொடைல மூணு மணி நேரம் பாடினதை ஒருத்தர் ரெக்கார்டு பண்ணி கொடுத்தாரு. அந்த வேவ் ஃபைலை ரெண்டு பென்ட்ரைவ்ல போட்டு பீரோல வெச்சிருந்தேன். அப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு. இப்ப எடுத்து போட்டா ஒண்ணு நாப்பதாவது நிமிஷத்துல நின்னுடுது, இன்னொண்ணு ரெண்டாவது மணி நேரத்துல. காப்பி பண்ணவும் விட மாட்டேங்குது. வேற எங்கயும் இல்ல. (ஒரு வாசகி, தக்கலை)

பதில்: அம்மா, ரெண்டையும் இனி ப்ளே பண்ணி பார்க்காதீங்க. ரெண்டும் வேற வேற இடத்துல நிக்குதுன்னு எழுதினீங்க பாருங்க, உங்களுக்கு இதை விட நல்ல சேதி இல்ல. ஃப்ளாஷ்ல எழுதினது எலக்ட்ரானா தான் நிக்குது, கரண்ட் இல்லாம, சூட்டுல கிடந்தா மெல்ல கசியும். சாதாரண எஸ்எஸ்டிக்கே ஜெடெக்ங்கிற தர நிர்ணய அமைப்போட விதி என்னன்னா, எழுத வேண்டிய அளவு முழுக்க எழுதி தேஞ்ச ட்ரைவ் 30 டிகிரில கரண்ட் இல்லாம ஒரு வருஷம் தாங்கினா போதும். பென்ட்ரைவ்ல போடற ஃப்ளாஷ் பெரும்பாலும் அதை விட மட்டம். பீரோல வருஷக்கணக்கா இருந்தும் இவ்ளோ நிக்குதுன்னா சந்தோஷப்படணும்.

டிடிரெஸ்க்யூ தான் இங்கயும். முதல் பென்ட்ரைவ்ல இருக்கிற அந்த ஃபைலை மட்டும் கொடுத்து ஓட விடுங்க, வந்த வரைக்கும் எழுதி, வராத இடத்தை மேப் ஃபைல்ல குறிக்கும். அடுத்து ரெண்டாவது பென்ட்ரைவ் ஃபைலை கொடுத்து, அதே அவுட்புட், அதே மேப் ஃபைலை சொல்லி திரும்ப ஓட விடுங்க. ஓட்டையா இருக்கிற இடத்தை மட்டும் ரெண்டாவதுல இருந்து எடுத்து நிரப்பும். ரெண்டும் ஒரே ஃபைலோட காப்பிங்கிறதால பைட்டுக்கு பைட் பொருந்தும். ஒரு விஷயம் மட்டும் கவனம், எரர் காட்டாம தப்பா படிச்ச இடம் இருந்தா இது கண்டுபிடிக்காது. ரெண்டு காப்பி ரெண்டு விதமா சொன்னா யார் சொல்றது சரின்னு தெரியாது, மூணு இருந்தா ரெண்டு பேர் பக்கம் போகலாம். உங்களுக்கு காது தான் மூணாவது சாட்சி, ஒரு தடவை முழுசா உட்கார்ந்து கேளுங்க.

(இந்த அம்மாவுக்கு மட்டும் இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க வைக்க மனசு வரல, பதிலை முன்னாடியே லெட்டர்ல அனுப்பிட்டேன். அவங்க பையன் செஞ்சு பார்த்தாராம், அம்மா திரும்ப எழுதியிருக்காங்க. முதல் பென்ட்ரைவ்ல 5 எம்பி, ரெண்டாவதுல 9 எம்பி கிட்ட படிக்க முடியல. ஒண்ணை மட்டும் நம்பியிருந்தா அரை நிமிஷமோ முக்கால் நிமிஷத்துக்கு மேலயோ போயிருக்கும். ரெண்டையும் சேர்த்ததும் ரெண்டுலயுமே கெட்டது மொத்தம் 32 கேபி தான். சிடி தரத்து வேவ்ல ஒரு நொடிக்கு 1,76,400 பைட், அப்ப போனது நொடில அஞ்சுல ஒரு பங்கு கூட முழுசா இல்ல. அது எங்க விழுந்திருக்குன்னு கேட்டு எழுதியிருக்காங்க, அப்பா ஒரு வரியை பாடி நிறுத்தின உடனே பின்பாட்டுக்காரங்க "ஆமா" போடற இடம், அந்த ஆமால பாதி இல்ல. அப்பா குரல்ல ஒரு எழுத்து போகல.

இப்ப அந்த இடத்தை சரி பண்ணலாமான்னு கேக்கறாங்க. பண்ணலாம்மா, அதே பாட்டுல பக்கத்துல இருக்கிற இன்னொரு "ஆமா"வை ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல காப்பி பண்ணி ஒட்டினா யாருக்கும் தெரியாது, ஆனா அதை தனி ஃபைலா வெச்சுக்கோங்க, ஓட்டையோட இருக்கிறதை அப்படியே விட்டுடுங்க. அந்த ஃபைலுக்கு பார்2ன்னு ஒரு டூல்ல 10 சதவீதம் பேரிட்டி போட சொல்லுங்க பையனை, 1960ல ரீடும் சாலமனும் கண்டுபிடிச்ச கணக்கு அதுக்குள்ள இருக்கு, 1.9 ஜிபி ஃபைலுக்கு கூடுதலா 190 எம்பி ஆகும், அந்த அளவு வரைக்கும் எந்த இடம் கெட்டாலும் திரும்ப கட்டிடும். ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்ல, ஒரு காப்பி க்ளவுட்ல, ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற உங்க தங்கச்சி வீட்ல. வருஷம் ஒரு தடவை கொடை சமயத்துல எடுத்து முழுசா கேளுங்க, செக் பண்ண மாதிரியும் ஆச்சு.)